சீலனின் படத்துக்கு விளக்கு வேண்டாம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு மில்லில் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. இப்படிப்பட்ட ஒருத்தி மும்பைக்குப் போய்வந்து அதை எழுதவும் துணிந்தால் சிரிக்க மாட்டார்களா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. போய்வந்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் நான் போன காரியத்துக்கு வேறு யாரும் போகவில்லை. இதில் வருகிற பவளம் அக்காவிடம் நடந்தது எல்லாவற்றையும் சொல்லி, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா கூட்டி எழுதாதை" என்றார். கூட்டவில்லை.

காரியம் இதுதான். என் தம்பி ரூபனைப் பற்றி மீரா என்ற மும்பைப் பெண் ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தாள். ரூபனைப் பதினைந்து வயதில் சைக்கிளில் டியூஷனுக்குப் போகிற வழியில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அதே சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்து போன பக்கத்து வீட்டுச் சீலனும் போனான். சண்டை முடிந்த பிறகு ரூபன் வந்தான். தடுப்பு முகாமில் இருந்தபோது தண்ணீர்க் குழாய்த் துண்டில் துளை போட்டு ஊதப் பழகியவன், இன்று கோயில் திருவிழாக்களில் புல்லாங்குழல் வாசிக்கிறான். ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்குகிறான். சீலன் வரவில்லை. அவன் எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சீலனின் தாய்தான் பவளம் அக்கா. மீரா படம் எடுக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாளில் அவர் வந்து, "பிள்ளை, இந்தப் படம் எந்த ஊருக்கெல்லாம் போகும்?" என்று கேட்டார். எல்லா ஊருக்கும் போகும் என்றாள் மீரா. "அப்ப இவனையும் கொண்டு போ. எங்கயாவது ஆராவது கண்டிருப்பினம்" என்று சீலனின் போட்டோவைக் கொடுத்தார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று எடுத்த படம். இடது புருவத்தில் சைக்கிளால் விழுந்த வெட்டு தெரியும்.

அவர் வீட்டுச் சுவரில் கணவருடைய படம் மாலையோடு தொங்குகிறது. சீலனின் படம் சுவரில் ஏறவில்லை. அது அலுமாரித் தட்டில் சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில், இப்போதுதான் தலை சீவிவிட்டு வெளியே போனவனுடைய படம் மாதிரி நிற்கும். எங்கள் பக்கம் இப்படிப் படம் வைத்திருக்கிற வீடுகள் நிறைய. அந்தப் படங்களுக்குப் பொட்டில்லை, மாலையில்லை, விளக்கில்லை. இதையெல்லாம் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டார் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் படத்தை வெளியே போடுவேன் என்று மீரா வாக்குக் கொடுத்திருந்தாள். ரூபன் போக மறுத்துவிட்டான். "என்ர மூஞ்சையை என்னால பெரிசாப் பாக்கேலாது. நீ போ அக்கா. நீ சரி எண்டா சரி" என்றான். பவளம் அக்கா பஸ் நிலையம் வரை வந்தார். "சீலன்ர படம் வடிவாத் தெரியுதோ எண்டு மட்டும் பார். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார்.

மீராவின் வீடு செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். அங்கே இருந்த லிஃப்டுக்கு இரண்டு இரும்புக் கதவுகள். இரண்டையும் கையால் இழுத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் லிஃப்ட் நகராது. பையைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கியவள் நான். மூடத் தெரியாமல் வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்கச் சத்தம். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஒரு கிழவர். எல்லோரும் ஹிந்தியில் ஒரே வசனத்தைக் கத்தினார்கள்.

"என்ன சொல்லினம்?" என்று கேட்டேன்.

"கதவை மூடாத கழுதை யாருன்னு கேக்கறா" என்றாள் மீரா. ஓடிப்போய் மூடிவிட்டு வந்து, "நான்தான் கழுதைன்னு சொல்லிட்டேன். நீங்க தப்பிச்சேள்" என்றாள்.

மீராவின் அம்மா லலிதா மாமி வாசலிலேயே நின்று "வாங்கோ, வாங்கோ" என்றார். எனக்கு ஊரில் கால் வைத்தது போல இருந்தது. நாங்களும் வாங்கோ என்றுதான் சொல்வோம். அவர்கள் பாலக்காட்டுப் பக்கத்தவர்கள்; மாமி பிறந்ததே மும்பை மாட்டுங்காவில். ஹாலில் மீராவின் அப்பா படம் சந்தன மாலையோடு இருந்தது. படத்தின் கீழே கடுகளவு சிவப்பு பல்பு ஒன்று அணையாமல் எரிந்தது. மீரா வெளியே கிளம்பும்போதெல்லாம் படத்தின் சட்டத்தைத் தொட்டு, "அப்பா, போயிட்டு வரேன்" என்பாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம் முழுக்க இவள்தான் பக்கத்தில் இருந்தாளாம். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாடு மொளகூட்டல். பருப்பும் தேங்காயும் கீரையும். உறைப்பு என்ற பேச்சே இல்லை. சோறு வெள்ளை வெளேரென்று மெலிசாக இருந்தது. எங்கள் சிவப்பரிசிச் சோற்றைப் போல வயிற்றில் உட்காராது. நான் கொண்டுபோன கறித்தூளை மாமி மோந்து பார்த்தார். "வாசனையே ஆளைத் தூக்கறதே!" என்று மறுநாள் ரசத்தில் ஒரு கரண்டி நிறையப் போட்டுவிட்டார். மூன்று பேரும் மாறி மாறி இருமினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமி கேட்டார்: "உங்காத்துல குழந்தேளும் இதைத்தான் சாப்பிடறதா?"

"ஓம் மாமி. கொஞ்சம் குறைச்சுப் போடுவம்."

"ஐயோ பாவம்" என்றார்.

படத்தை எடிட் செய்கிற அறை மாட்டுங்காவில் இருந்தது. செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். "என் கையை விடாதீங்கோ" என்று மீரா சொல்லியிருந்தாள். நான் விடவில்லை. குர்லாவில் ரயில் வந்து நின்றதும் பின்னாலிருந்த பெண்கள்தான் எங்களைப் பிரித்தார்கள். நான் நடந்து ஏறவில்லை, என்னை ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தால் மீரா பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏறாதே என்று சொல்கிறாள் என்பது ரயில் புறப்பட்ட பிறகுதான் விளங்கியது.

பெண்கள் பெட்டி. ஒருத்தி நின்றபடியே பொட்டு வைத்தாள். இருவர் ஹிந்தியில் சண்டை பிடித்தார்கள். மூலையில் ஒரு அம்மா மடியில் துணியை விரித்துக் கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த நெரிசலில் காய்கறி ஆய்கிறார்களே என்று பார்த்துக்கொண்டு நின்றவள், என்னை அறியாமல் "ஐயோ முருகா" என்றுவிட்டேன். அந்த அம்மா நிமிர்ந்தார்.

"தமிளா? எங்க போகணும்?"

"மாட்டுங்கா."

"அரே, இது ஃபாஸ்ட் காடியில்லா! மாட்டுங்கால நிக்காது. தாதர்ல எறங்கி ஸ்லோ புடிச்சு ஒரு ஸ்டேஷன் பின்னால வரணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அளுவாதீங்க. பம்பாய்ல தொலைஞ்சவங்க எல்லாம் தாதர்லதான் கெடைப்பாங்க."

அவர் விக்ரோலியில் இருக்கிறவர், தாதரில் ஒரு வீட்டில் சமையல் வேலையாம். என் போனில் இந்தியச் சிம் இல்லை. கைப்பையில் இருந்த மீராவின் நம்பரைக் காட்டினேன். தன் போனில் அழைத்துப் பேசிவிட்டு, "தாதருக்கு வந்துருங்க, அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். இந்தாங்க" என்று ஒரு பிடி கொத்தவரங்காயை என் கையில் வைத்தார். இருவரும் தாதர் வரை நார் எடுத்தோம். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். வேலை செய்த கை கொஞ்சம் நின்றது. "உங்க ஆளுக எல்லாம் பத்திரமா இருக்காங்களா?" என்றார். நான் இன்னொரு காயை எடுத்து நார் உரித்தேன். அதற்குள் தாதர் வந்துவிட்டது.

மீரா என்னைக் கண்டுபிடித்து மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனதும் முதல் வேலையாக இட்லியும் காப்பியும் வாங்கித் தந்தாள். காப்பியைச் சின்னக் கிண்ணத்துக்குள் நிற்கிற டம்ளரில் கொடுத்தார்கள். மேசைக்கு எதிரே முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அப்படி யாராவது வந்து உட்கார்ந்தால் அவருடைய மாமன் மச்சான் வரை விசாரித்திருப்போம். தெருவில் பூக்கடை, அப்பளக் கடை, வாழை இலைக் கட்டு எல்லாம் இருந்தன. தமிழில் விலை கேட்டேன், தமிழில் பதில் வந்தது. அது மட்டுமே எனக்குப் பெரிய சந்தோஷம்.

எடிட் அறை ஒரு பாத்திரக் கடைக்கு மேலே. எடிட்டர் நிதின் மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. எழுந்து நின்று கும்பிட்டார். மீரா சொன்னாள்: "உங்க தம்பி முகத்தை மாசக்கணக்கா பாத்துண்டு இருக்கார். கனவுல கூட குழல் கேக்கறதாம்."

படம் தொடங்கியது. ரூபன் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பைப்பைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்க்கிறான். கடைக்காரர் கேட்கிறார்: "தம்பி, இது தண்ணிக்கோ பாட்டுக்கோ?" நான் சிரித்துவிட்டேன். பிறகு அவன் பேசினான். துவக்கு, துப்பாக்கிதான், தன்னைவிட உயரமாகத் தோன்றியதைச் சொன்னான். காவல் நிற்கும்போது நித்திரை வராமலிருக்கச் சீலன் மெல்லப் பாடுவானாம். தான் வாயைக் குவித்துக் கூடவே ஊதுவானாம். "அவன் பாடினதைத்தான் இப்ப நான் குழலில ஊதுறன். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது" என்றான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

கடைசியில் திரை இருண்டது. சீலனின் படம் வந்தது, மிகப் பெரிதாக, மிகத் தெளிவாக. புருவ வெட்டுக்கூடத் தெரிந்தது. பவளம் அக்காவுக்கு நல்ல செய்தி என்று நினைத்த அதே நேரத்தில் படத்தின் முன்னால் ஒரு மண் விளக்கு எரியத் தொடங்கியது. குழலின் கடைசி ஓசை இழுத்து இழுத்து ஓய, விளக்கும் சிறுத்து அணைந்தது. சீலன் நினைவாக என்று எழுத்து வந்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுந்து போய் உள்ளங்கையால் அந்த விளக்கு இருந்த இடத்தை மறைத்திருந்தேன். நிதின் பதறி "மேடம், ஸ்கிரீன்!" என்றார்.

"என்னாச்சு அக்கா? பிடிக்கலையா?" என்றாள் மீரா.

"விளக்கு" என்றேன்.

"அது நாம சீலனுக்குப் பண்ற மரியாதை. எங்காத்துல அப்பாவுக்கு எரியறதே, பாத்தேளே. அதே மனசோடதான் வெச்சேன்."

"உங்கட அப்பா காலமானதை நீங்கள் பக்கத்தில இருந்து கண்டனீங்கள், மீரா."

அவள் முகம் மாறியது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டேன். பவளம் அக்கா வீட்டு அலுமாரியைப் பற்றியும், சுவரில் ஏறாத படத்தைப் பற்றியும் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் இந்தப் படத்தைக் கொடுத்தது யாராவது கண்டு சொல்வார்கள் என்றுதான். விளக்கு வைத்த ஒருவரை இனி யார் தேடப் போகிறார்கள்?

மீரா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணு சொல்லணும் அக்கா. ரூபன் அண்ணாவே சொன்னார், கேமரா ஆஃப் பண்ணினப்பறம். சீலன் இல்லை, இனிமே வர மாட்டான்னு. அதை நம்பித்தான் வெச்சேன். பொய்யா ஒரு ஆசையைக் குடுக்கறது தப்புன்னு நினைச்சேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அது உண்மையென்றால் விளக்கை எடுக்கச் சொல்வது சரியா? பவளம் அக்காவை ஏமாற்றுகிற வரிசையில் நானும் சேர்ந்துவிடுவேனா? நாளை மாலை தாராவியில் படம் காட்டுவதாக ஏற்பாடு. என்னவானாலும் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

மீராவின் போனிலிருந்தே ரூபனை அழைத்தோம். பின்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் குழல் ஊதும் சத்தம் கேட்டது.

"சீலன் இல்லை எண்டு மீராவிட்டச் சொன்னனியோ?" என்றேன்.

அவன் பிள்ளைகளை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது. "ஓம். சொன்னனான்."

"நீ கண்டனியோ?"

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன்.

"இல்லை அக்கா" என்றான். "ஒருத்தன் எனக்குச் சொன்னான். அவனுக்கு இன்னொருத்தன் சொன்னதாம். நான் காணேல்லை. அண்டைக்கு மனம் விட்டுப்போய்ச் சொல்லிப்போட்டன்."

"அவன்ர படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தி வைச்சிருக்கினம்."

"ஆர்? மீராவோ?" என்றான். "எடுக்கச் சொல்லு. நான் காணாததுக்கு என்னால விளக்கு வைக்கேலாது. பவளம் அக்கா காணவே கூடாது."

"சரி."

"அக்கா, குழல் சத்தம் வடிவாக் கேக்குதோ? மேல் சுரம் கீச்சிடுதோ?"

"நல்லாக் கேக்குது. வை போனை."

மீரா நிதினிடம் ஹிந்தியில் எல்லாம் சொன்னாள். அவர் சொன்ன பதிலை மீரா எனக்குத் தமிழில் சொன்னாள்: "என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் குழலும் சுடரும் ஒன்றாக அடங்கும்படி வெட்டியிருக்கிறேன். சுடரை எடுத்தால் கடைசிப் பகுதி ஓட்டையாகிவிடும். அங்கே எதை வைப்பது?"

மீரா பால்கனிக்குப் போய் நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு ஆசையாக அந்தக் கடைசிக் காட்சியை எடுத்திருப்பாள். எங்கிருந்தோ வந்த மிளகாய் அரைக்கிறவள் ஒருத்தி கையை வைத்து மறைத்துவிட்டாள். போகட்டும், இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "நீங்க சரின்னு சொல்லாம வெளில போடமாட்டேன்னு சொன்னேன். வாக்கு வாக்குதான். என்ன வெக்கலாம், சொல்லுங்கோ."

எனக்கு ஒன்று நினைவு வந்தது. "பவளம் அக்கா அந்தப் படத்தைத் துடைச்சு அலுமாரியில வைக்கிறதை நீங்கள் எடுத்தனீங்களெல்லோ? அது எங்க?"

"அதுல ஒண்ணுமே நடக்கலையே அக்கா."

நிதின் தேடி எடுத்துப் போட்டார். பவளம் அக்கா சீலைத் தலைப்பால் படத்தைத் துடைக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துத் தூசு போய்விட்டதா என்று பார்க்கிறார். சீப்பைக் கொஞ்சம் தள்ளி, படத்தை அதன் இடத்தில் வைக்கிறார். வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து, "காணுமோ பிள்ளை?" என்கிறார். போதுமா என்று கேட்கிறார்.

நிதின் அதன்மேல் ரூபனின் குழலை ஓடவிட்டார். "பஸ்" என்றார் நிதின். ஹிந்தியில் போதும் என்று அர்த்தமாம். எழுத்தையும் மாற்றினார்கள்: சீலன். இவரைக் கண்டவர்கள் சொல்லுங்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் மீரா ஹாலில் அப்பா படத்தின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். நான் சமையலறைக்குப் போய் மாமிக்குக் கறிவேப்பிலை உருவிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் தாராவி. சயானுக்கு அந்தப் பக்கம் ஆட்டோ வராது என்று ஒருவர் எங்களை வழியிலேயே இறக்கிவிட்டார். மீரா அவரோடு வாதாடினாள். அவர் வானத்தைப் பார்த்தபடி பீடி பற்றவைத்தார். நடந்தோம். சந்துகள் மிக ஒடுக்கம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாசலும் கழுவியிருந்தது, கோலமும் இருந்தது. மேலே பார்த்தால் வயர்களுக்கு நடுவில் ஒரு கீற்று வானம்.

படம் காட்ட ஏற்பாடு செய்தவர் முருகேசன் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். "வாங்க தாயி, மொதல்ல சாப்பிடுங்க. படம் எங்க ஓடிப்போவுது?" என்றார். அவர் மனைவி இலை போட்டு, "சொதி வச்சிருக்கேன்" என்றார். எனக்குக் கண் விரிந்தது. எங்கள் வீட்டில் சொதி இல்லாமல் இடியப்பமே இறங்காது. ஆனால் இலையில் வந்தது வேறு: கெட்டித் தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு ஆக்குகிற சாப்பாடாம்.

"எங்கட சொதி தண்ணி மாதிரி இருக்கும்" என்றேன். "பச்சை மிளகாயும் வெங்காயமும் தான்."

"அது ஏழைச் சொதி, இது மாப்ளைச் சொதி" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு ஆக்கிப் போட்டு எத்தனை வருசமாச்சுன்னு கேளுங்க இவியள்ட்ட" என்று மனைவியைக் காட்டினார்.

"மாப்ளை மாதிரி நடந்துக்கிட்டா ஆக்கிப் போடுவேன்" என்றார் அந்த அம்மா, என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றியபடி.

படம் அங்கிருந்த தமிழர் சங்கத்தின் மாடி அறையில். வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வேலை முடிந்த பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் ஹிந்தியில் பேசின, தாயிடம் தமிழில் தண்ணீர் கேட்டன. "ஏலே, லைட்டை அமத்து!" என்று ஒரு குரல். ரூபன் திரையில் வந்ததும் என் பக்கத்தில் இருந்த பெண் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைக் காட்டித் தன் மகளிடம் கேட்டார்: "ஏட்டி, கீள என்ன எளுதியிருக்கு?" மகள் சொன்னாள்: "அம்மா, அவங்க தமிள்தான் பேசுதாங்க. காதைக் குடுத்துக் கேளு." துவக்கு உயரத்தைப் பற்றி ரூபன் சொன்னபோது, பின்னால் யாரோ "எம்மா" என்றார்கள்.

கடைசியில் பவளம் அக்கா படத்தைத் துடைத்தார். சீலன் வந்தான். விளக்கில்லை. எழுத்து வந்தது. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துச் சொன்னார்கள்.

அண்ணாச்சி மைக்கை என் கையில் திணித்தார். மீராவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னேன். "அந்த அம்மா பவளம் அக்கா. எங்கட பக்கத்து வீடு. மகனைத் தேடுறா. கண்டால் சொல்லுங்கோ." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கைதட்டுவார்கள் என்று பயந்திருந்தேன். தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த இட்லி வியாபாரம் செய்கிற பாப்பா அக்கா எழுந்தார். "அந்தப் பையன் போட்டாவ இன்னொருக்க போடுங்க" என்றார்.

போட்டார்கள். பாப்பா அக்கா துணிக்கு மிக அருகில் போய் நின்றார். இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். படம் அவர்களுடைய முதுகிலும் தலையிலும் விழுந்தது. "தள்ளுட்டி, மறைக்காத" என்று ஒருவரை ஒருவர் விலக்கினார்கள். இப்போது என்ன வயதிருக்கும், உயரமா, கறுப்பா, பாடுவானாமே என்று என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேரிடம் ஒரே நாளில் பேசியதில்லை.

"புருவத்துல வெட்டு இருக்குல்லா?" என்றார் பாப்பா அக்கா. "சீத்தா கேம்ப்ல எங்க அக்கா மவ வீட்டுக்கிட்ட வெல்டிங் கடையில ஒருத்தன் இருக்கான். இதே வெட்டு, இதே எடது பக்கம். ஊரு பேரு சொல்ல மாட்டான். சோலி பாக்கும்போது பாடிக்கிட்டே இருப்பான்."

மீரா என் கையைப் பிடித்தாள். இந்த முறை யாரும் பிரிக்கவில்லை. பவளம் அக்காவுக்குப் போன் எடுக்கவா என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "கண்டபிறகு."

மறுநாள் காலை மீராவும் நானும் சீத்தா கேம்ப் என்ற அந்தக் குடியிருப்புக்குப் போனோம். அணுசக்தி நகர் பக்கம் ஆபீஸ் பஸ்கள் வரிசையாகப் போனதால் ஆட்டோ நெடுநேரம் நின்றது. வெல்டிங் கடையில் இருந்தவர் சீலன் இல்லை. அவருக்குத் தேனிப் பக்கம் ஊர், சீலனைவிட வயது குறைவு. வெட்டு கிணற்றடியில் விழுந்ததாம். போட்டோவை நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். வேலைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதாகச் சொன்னார். தேநீர் வாங்கித் தந்தார். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மீராவின் போனிலிருந்து பவளம் அக்காவுக்குப் போன் எடுத்து, படம் வடிவாகத் தெரிந்தது என்று சொன்னேன்.